கம்பவுண்டர் கொதிக்க வைத்த கல்

‘அன்புள்ள மச்சானுக்கு ஸலாம். புளி எடுக்க வரும் நம் ஆள் கையில் இரண்டு டின் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் கோடு போட்ட மீன் மூன்று. மற்றதில் பூக்கல் இரண்டு. வழியில் யாரும் தண்ணீர் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பெரிய கல்லில் பூ அதிகம். தொட்டால் வழவழவென்று இருக்கும். லாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.’

கீழக்கரையிலிருந்து 1987 ஜனவரி 11 என்று தேதியிட்டு வந்த கடிதம் இது. எழுதியவர் கம்பவுண்டரின் மைத்துனர். லாத்தா என்று அவர் குறிப்பிடுவது தன் அக்காவை, அதாவது கம்பவுண்டரின் மனைவியை. ஆள் கையில் வந்ததால் உறையில் தபால் முத்திரை கிடையாது. ஆகவே தேதிக்கு எழுதியவரைத்தான் நம்ப வேண்டும். கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது.

அந்தப் பெரிய கல் கம்பவுண்டரின் உயிரை எடுத்தது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். அவர் அதைக் கொதிக்க வைத்தார். வைக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். வையுங்கள் என்றேன். அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தார். இதை நான் புரிந்துகொள்ள இருபத்திரண்டு வருடம் ஆனது. புரிந்த நாளின் அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. கடத்தூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். கம்பவுண்டர் பாய் என்றால் பஸ்ஸிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரருக்குக்கூட வழி காட்டுவார்கள். நான் எதிர்ப்புறத் தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பதுக்கு மேல். குள்ளமான உருவம். வெள்ளை முழுக்கைச் சட்டையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருப்பார். விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, சுருங்கி, துணி துவைத்துவிட்டு எழுந்தவர் விரல்போல இருக்கும். வெந்நீரிலேயே கிடந்த விரல்கள்.

கொதிக்க வைப்பார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அன்றைக்கு ஊசிகளைத் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஸ்டெரிலைசர் என்ற எவர்சில்வர் பெட்டியில் போட்டு, பம்ப் ஸ்டவ்வில் ஏற்றிக் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் பத்து நிமிடம் வைத்தால் இவர் இருபத்தைந்து நிமிடம் வைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்திருப்பார். வெளியே பெஞ்சில் கூட்டம் சலசலக்கும்.

“ஏனுங்க பாய், ஊசி போடறீங்களா, கெழங்கு வேக வெக்கறீங்களா?”

“இன்னும் வேகலீங்களா? ஒரு விசில் விட்டு எறக்குங்க.”

“அவரு தாளிச்சுத்தான் போடுவாருங்க. கறிவேப்பில வாங்கப் போயிருக்குது.”

அவர் கோபப்பட மாட்டார். உள்ளேயிருந்தே பதில் வரும். “வேகாத ஊசி ஓணுமின்னா சொல்லுங்க, இப்பவே போடறேன். அப்புறம் சீழ் வெச்சுச்சுன்னு இடுப்பப் புடிச்சுக்கிட்டு இங்க வரப்படாது.”

ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னார். முப்பது வருடத்தில் அவர் போட்ட ஊசியில் ஒரே ஒருவருக்குச் சீழ் வைத்திருக்கிறது. யார், எப்போது, என்ன ஆனது என்று நான் கேட்டேன். கேட்பது என் பழக்கம். “ஒருத்தருக்குத்தான் தம்பி” என்றார். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. அந்த ஒருவரைப் பற்றி என் நாட்குறிப்பில் வேறு எதுவும் இல்லை.

ஊசியோடு நின்றிருந்தால் அவரை நல்ல கம்பவுண்டர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். 1985இல் ஒரு பெரியவர் காய்ச்சலுக்கு வந்து, பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். கண் விழித்துப் பார்த்தால் டம்ளர் காலி. கம்பவுண்டர் அதைக் கொதிக்க வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது மேல்வரிசை வெயிலில் காய்ந்த வாழைச் சருகுபோல வளைந்திருந்தது. பெரியவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏய்யா, என் பல்ல எதுக்கய்யா ஒலயில போட்ட?”

“கிருமி இருந்துச்சுங்க.”

“என் வாயிலதான இருந்துச்சு? இருந்துட்டுப் போவுது! நான் என்ன உன்னயவா கடிக்கப் போறன்?”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. தர்மபுரிக்குப் பெரியவரைக் கூட்டிப்போய்த் தன் செலவில் வேறு பல்செட் செய்து கொடுத்தார். அதையும் ஒரு நாள் கொதிக்க வைப்பதற்குள் பெரியவர் எழுந்து ஊருக்குப் போய்விட்டார் என்று கேலி பேசினார்கள். அது உண்மையில்லை. ஆனால் யாரும் நம்ப மறுக்கவில்லை.

இன்னொரு கொள்கையும் இருந்தது. கொதித்த தண்ணீரைக் கீழே ஊற்ற மாட்டார். எங்கள் பக்கம் கிணறு வற்றுகிற ஊர். ஊசி கொதித்த தண்ணீர் ஆறியதும் கை கழுவ, தரை துடைக்க, புண் துடைக்கக் கொஞ்சம் உப்புப் போட்டு என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்து வைப்பார். கொதித்துவிட்டதென்றால் அது எந்தத் தண்ணீராக இருந்தாலும் அவருக்குச் சுத்தம். அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்பது கணக்கே இல்லை. அங்கே தரை பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த மாதம்மாள் ஒருநாள் கேட்டாள். “சாக்கடத் தண்ணியக் கொதிக்க வெச்சா குடிப்பீங்களா பாய்?” அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். “அரை மணி நேரம் கொதிச்சா குடிப்பேன்.”

கடல்நீர்த் தொட்டி வந்தது 1986 ஆகஸ்டில்.

ஊசிக்கு முன்பே குழந்தைகள் அலறுவார்கள். ஸ்டவ்வின் இரைச்சல் கேட்டதும் ஆரம்பித்துவிடுவார்கள். கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டால் வேடிக்கை பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அது சாதாரண யோசனை. ஆனால் சாதாரண மீன்தொட்டி வேண்டாம் என்றார். குளத்துத் தண்ணீரில் கிருமி. உப்புத் தண்ணீரில் கிருமி வளராது. புண்ணை எதில் கழுவுகிறோம்? உப்புத் தண்ணீரில். நரம்பில் எதை ஏற்றுகிறோம்? உப்புத் தண்ணீர். கடல் என்பது அவருக்கு மூடி திறந்த பெரிய சலைன் பாட்டில். மனைவி கீழக்கரைக்காரர் என்பதால் மீனுக்கும் தண்ணீருக்கும் மைத்துனர் இருந்தார்.

எனக்குப் புத்தகக் கிறுக்கு உண்டு. சேலத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, அவருக்குத் தமிழில் சொன்னேன். கடலைப் பார்த்தே இராத நான், கடலைக் கடத்தூரில் எப்படி நிறுத்துவது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சின்னத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், ஆகவே கீழே இன்னொரு தொட்டி வைக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. மேல் தொட்டி நிரம்பி வழிகிற நீர் குழாய் வழியே கீழே இறங்கும். கீழ்த் தொட்டியில் வடிகட்டியைத் தாண்டி, ஒரு பம்ப் மூலம் மறுபடி மேலே போகும். இதைப் படம் போட்டுக் காட்டினேன். தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“அப்ப கீழ இருக்கறது கிட்னிங்க.”

“ஆமாங்க பாய், அப்படித்தான் வெச்சுக்கணும்.”

“பம்ப்பு ஹார்ட்டு.”

“ஆமாங்க.”

“இவ்வளவுதானுங்களா? இத மொதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமுல்ல தம்பி.”

மேல் தொட்டி இரண்டரை அடி நீளம். தர்மபுரிக் கண்ணாடிக்கடையில் வெட்டி ஒட்டியது. பக்கச் சுவர் ஒன்றை ஓர் அங்குலம் தாழ்த்தி, வழியும் நீரைப் பிடிக்க வெளியே ஒரு சின்னக் கண்ணாடிப் பை ஒட்டச் சொன்னோம். கடைக்காரர் மூன்று தடவை, “ஒழுகற மாதிரியே செய்யச் சொல்றீங்களே, நெசமாத்தானுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். கீழ்த் தொட்டி, பாதியாக அறுத்த நீலப் பிளாஸ்டிக் டிரம். வடிகட்டிக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சும் கிளிஞ்சலும். பம்ப், ஏர்கூலரில் இருந்து கழற்றியது.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டும் என்றேன். பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பால்மானி இருந்தது. அதைக் கடல்நீரில் விட்டால் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் துள்ளிக் குதித்தேன். புத்தகத்தில் இருந்த அளவும் அதுதான். பால்மானி கொடுத்த சொசைட்டிக்காரர் குனிந்து பார்த்துச் சொன்னார். “பாலுன்னா இதுல கொஞ்சம் தண்ணி கலந்துருக்குதுன்னு சொல்லுவேன். கடல்ல யாரு கலந்தாங்கன்னு தெரீலீங்க.”

தண்ணீர் ஆவியானால் உப்பு ஏறிக்கொண்டே போகும், தினமும் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும் என்றேன். அதற்குக் கம்பவுண்டர் செய்ததைப் போல எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் டிரிப் ஸ்டாண்டை நிறுத்தி, சலைன் பாட்டிலில் கொதித்து ஆறிய மழைத்தண்ணீரை நிரப்பித் தலைகீழாகத் தொங்கவிட்டார். நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று நாடி பார்ப்பதுபோல எண்ணி, திருகை இறுக்கினார். வருகிறவர்கள் எல்லாம் யாருக்கு டிரிப் ஏறுகிறது என்று எட்டிப் பார்த்து, தொட்டிக்கு என்று தெரிந்ததும் வாய் பிளந்தார்கள்.

முதல் மின்வெட்டில் அவமானம். பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் வந்த குழாய் வழியாகவே கீழே திரும்பி ஓட, டிரம் நிரம்பித் தரையில் பாய்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

“பாய், கடலு பொங்கிருச்சுங்க!”

“படகு இருந்தா ஒண்ணு அனுப்புங்க!”

சித்தேரி மலையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “ஐய, கரிக்குது” என்று ஆச்சரியப்பட்டார். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே கம்பவுண்டர் ஓர் ஊசியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, மேலே போகும் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு துளை போட்டுவிட்டார். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்தது. தண்ணீர் திரும்பி ஓடுவது நின்றது. புத்தகமும் அடுத்த பக்கத்தில் அதையே சொன்னது.

இப்படிப்பட்ட கை அது. முட்டாளின் கை அல்ல. அதனால்தான் எனக்கு இன்னும் திகைப்பு.

முதல் தடவை வந்த கடல்நீரை அவர் கொதிக்க வைத்துவிட்டார். பிரியாணி தேக்சா ஒன்றை இரவல் வாங்கி, பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, என்னிடம் சொல்லாமல் செய்தார். பாத்திரத்தில் சுண்ணாம்புபோல வெள்ளையாக ஒட்டியது. அந்த நீரில் விட்ட இரண்டு மீனும் மறுநாளே மிதந்தன. அன்றைக்கு அவரிடம் நான் கோபமாகப் பேசினேன். தண்ணீருக்குள்ளும் காற்று உண்டு, அதைத்தான் மீன் மூச்சு வாங்குகிறது, கொதித்தால் காற்றும் போய்விடும், தண்ணீரின் குணமும் மாறிவிடும், இந்தத் தொட்டியில் எதையும் கொதிக்க வைக்கக் கூடாது என்றேன். செத்த மீன்களைப் பஞ்சில் வைத்து மூடிக்கொண்டே கேட்டார்.

“நீங்க சொன்னாச் சரிங்க தம்பி. ஆனா பச்சத் தண்ணியில ஒரு உசுர விடறதுக்கு எனக்கு மனசு வரமாட்டேங்குதே.”

“கடலே பச்சத் தண்ணிதானுங்க பாய்.”

“அதான் பயமா இருக்குது.”

அன்று முதல் தொட்டி விஷயத்தில் என்னைக் கேட்காமல் எதையும் செய்யவில்லை. டாக்டர் சொல்லியே ஊசியை ஐந்து நிமிடம் குறைக்காத மனிதர், என் பேச்சைக் கேட்டுக் கொதிக்க வைக்காத நீரை ஊற்றினார். அவரைத் தடுத்து நிறுத்தியவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஜனவரியில் மீனும் பூக்கல்லும் வந்தன. பெரிய கல் இரண்டு கைப்பிடி அளவு இருக்கும். அதன் மேல் பழுப்பும் பச்சையுமாகச் சட்டைப் பொத்தான் அளவில் நெருக்கமான பூக்கள். நிழல் பட்டால் மூடும், வெளிச்சத்தில் விரியும். அவை பூவல்ல, பிராணி என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றார்கள். ஸ்டவ் இரைந்தாலும் திரும்பவில்லை. ஊசி போடுமுன் எத்தனை குழந்தைகள் அழவில்லை என்று எண்ணி வைத்து, அன்று மாலை தபால் அலுவலக ஜன்னலுக்கு வந்து, “இன்னிக்கு நாலு” என்பார். மறுநாள், “இன்னிக்கு ஆறு.” பிப்ரவரி முழுவதும் என் நாட்குறிப்பில் இந்த எண்கள் இருக்கின்றன. அவர் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான மாதம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 12. பெரிய கல்லின் பொந்திலிருந்து நூற்றுக்கணக்கான கால்களோடு ஒரு புழு வெளியே வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்தான் முதலில் பார்த்தார். “பாய், உங்க தொட்டியில புழு நெளியுதுங்க.” பெஞ்சு முழுவதும் எழுந்து வந்து பார்த்தது. ஊசி போடுகிற இடத்தில் புழு. கம்பவுண்டர் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. மாதம்மாள்தான் சொன்னாள். “மூஞ்சி செத்துப்போச்சுங்க சார்.”

மார்ச் 14 காலை. மணியார்டர் வாங்க ஜன்னலில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து கம்பவுண்டரின் குரல் கேட்டது.

“தம்பி, அந்தப் பெரிய கல்ல மட்டும் வெளிய எடுத்துக் கொதிக்க வெச்சுரலாமுங்களா?”

நான் தலை நிமிரவில்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னதைக் கேட்டார், பாவம், இதிலாவது அவர் ஆசைப்படி நடக்கட்டும் என்று மனதில் ஓடியது நன்றாக நினைவிருக்கிறது. பெருந்தன்மை.

“கல்லுதானுங்களே பாய், வைங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அன்றைய நாட்குறிப்பிலும் ஒரே வரி: ‘கம்பவுண்டர் வந்தார். கல்லைக் கொதிக்க வைக்கச் சொன்னேன்.’

மதியம் சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கட்டுப் போடும் சிறிய அறையின் கதவும் ஜன்னலும் மூடியிருந்தன. காற்றில் ஸ்டவ் அலைபாயும் என்று எப்போதும் மூடிவிடுவார். திறந்ததும் வெள்ளையாக நீராவி முகத்தில் அடித்தது. அலுமினியப் பாத்திரத்தில் கல் குதித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் குனிந்து, பிரஷ்ஷால் பூக்களைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவிதக் கவிச்சி வாடை. அவர் இருமினார்.

“ஒரு மணி நேரம் ஆச்சுங்க தம்பி. ஒரு புழு தப்பிச்சிருக்காது.”

நான் கதவருகில் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அன்றும் மறுநாளும் வாயில் செம்புக்காசை வைத்ததுபோல ஒரு கசப்பு இருந்தது. மதியச் சாப்பாட்டின் மேல் பழி போட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிட்டுப் போனேன். அறை நடுவில் முக்காலியில் கம்பளி மூடிய உருவம். கம்பளிக்குள்ளிருந்து நீராவி கசிந்தது. நீலகிரித் தைலம் மணத்தது. நடுக்கமாக இருக்கிறது, மூக்கு அடைக்கிறது, நெஞ்சு இறுகுகிறது என்று ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சாக்கின் மேல் கல், எலும்புபோல வெளுத்து, சுத்தமாக இருந்தது.

“காலையிலருந்து ஈரத்துல கெடந்தீங்களே பாய். ஜலதோஷந்தான். என்ன தண்ணிங்க அது?”

கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது. “கல்லு கொதிச்ச தண்ணிதான். உப்புத் தண்ணி நெஞ்சுக்கு நல்லதுங்க. ஒன்றர மணி நேரம் கொதிச்சிருக்குது. இதவிடச் சுத்தமான தண்ணி இந்தக் கடத்தூர்லயே கெடையாது.”

நான் சிரித்தேன். “குடிச்சுப்புடாதீங்க பாய்” என்றேன். கம்பளியும் குலுங்கியது. சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை.

எதிரில் ஒரு மனிதர் தலையை மூடிக்கொண்டு, அந்த நீராவியை ஆழமாக, வேண்டுமென்றே, மருந்தாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். நான் நின்று சிரித்தேன்.

மறுநாள் காலை வேன் வைத்துத் தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். மாலை போய்ப் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன. தொடையை யாரோ அடித்ததுபோல வலிக்கிறது என்றார். சிறுநீர் காப்பி நிறத்தில் போவதாக அவர் மனைவி சொன்னார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. ஊசி போட நர்ஸ் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“எத்தன நிமிஷம்மா கொதிச்சுது?”

“இருவது நிமிஷங்க ஐயா.”

“செரி, போடும்மா.” பிறகு என்னைப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் கொறச்சல்தான். நல்ல புள்ள” என்றார்.

டிரிப் பாட்டில் காலியாகியிருக்கும், பால்மானி விட்டுப் பாருங்கள், முப்பதைத் தாண்டினால் மீன் தாங்காது என்றார். பார்க்கிறேன் என்றேன். மார்ச் 17 காலை பதினொன்றரைக்கு இறந்தார். நெஞ்சில் சளி கட்டி, இதயமும் பலவீனமாகிவிட்டது என்றார்கள். எங்களில் யாரும் சந்தேகப்படவில்லை. எதைச் சந்தேகப்படுவது?

தொட்டியில் மீதி இருந்த சின்னக் கல்லை மாதம்மாள் பின்பக்க வெயிலில் வைத்தாள். நாறியதும் குப்பை வண்டியில் போய்விட்டது. வெளுத்த பெரிய கல் எங்கே போனது என்று தெரியவில்லை. மீன்கள் மூன்றும் ஒரு வாரத்துக்குள் செத்தன. அவர் மனைவி பிள்ளைகளோடு கீழக்கரைக்குத் திரும்பினார். போகும்போது தம்பியின் கடிதங்களை, தொட்டியைப் பற்றியவை என்பதால், என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

2009இல் தர்மபுரி நூலகத்தில் ஓர் ஆங்கில இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கான எச்சரிக்கை. கல்லில் கூட்டமாக வளரும் பூப்போன்ற சில பிராணிகளின் உடலில் கொடிய நஞ்சு உண்டு. அந்தக் கல்லைக் கொதிக்க வைத்தால் நீராவியோடு அது காற்றில் கலக்கும். மூடிய அறையில் சுவாசித்தவர்களுக்கு இருமல், நடுக்கம், வாயில் உலோகக் கசப்பு, தசைவலி, மூச்சுத் திணறல். கொதிப்பு அந்த நஞ்சை அழிப்பதில்லை. பட்டியலில் கசப்பு என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு அதைத் திரும்ப உணர்ந்தது. இதழை மூடி வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நூலகர் வந்து, “ஏனுங்க சார், ஒடம்புக்கு முடியலீங்களா?” என்று கேட்டார்.

கடலோர ஆய்வு நிலையம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. எங்கள் கடலில் அப்படிப்பட்ட பிராணிகள் உண்டு, எல்லாவற்றிலும் நஞ்சு இருப்பதில்லை, மாதிரி இல்லாமல் எதையும் சொல்ல இயலாது. ஆகவே அந்தக் கல்லில் இருந்தது எது என்பது உறுதியாகாது. அதை ஏற்றுக்கொண்டேன். என்னால் விட முடியாதது வேறு ஒன்று: நான் சொல்வதற்கு முன்பே கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டாரா, என் வார்த்தைக்காகக் காத்திருந்தாரா என்பது.

மாதம்மாளைத் தேடிப் போனேன். கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மகள் வீட்டில் இருந்தாள். கண் மங்கியிருந்தது. அன்றைய காலையைப் பற்றிக் கேட்டதும் தயங்காமல் சொன்னாள்.

“அவரு உங்ககிட்ட வாரதுக்கு முன்னமே ஸ்டவ் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சுங்க சார். கல்லயும் பாத்தரத்துல போட்டாச்சு. நாந்தான் தண்ணி மோந்து ஊத்துனேன். ‘பாத்துக்க மாதம்மா, போஸ்டாபீஸ் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்’னு போனாரு.”

“நல்லா ஞாபகம் இருக்குதா மாதம்மா? அது ஊசிக்கு எரிஞ்ச ஸ்டவ்வா இருக்குமோ?”

“இல்லீங்க. கல்லுக்குத்தான்.” பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள். “ஏனுங்க சார், உங்க குரலு ஒரு மாதிரி இருக்குது?”

நான் காரணம் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்ட விதத்தில், என்ன பதில் எனக்கு வேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று தோன்றியது. அவள் நல்ல மனம் படைத்தவள்.

அவர் மனைவியிடம் தொலைபேசியில் கேட்டேன். அன்று காலை பதினொரு மணிக்கு அவர் கணவருக்கு மாற்றுச் சட்டை கொடுக்கக் கிளினிக்குக்கு வந்திருந்தார்.

“ஸ்டவ்வு அணைஞ்சுதான் கெடந்துச்சு தம்பி. கல்லு தொட்டிக்குள்ளதான் இருந்துச்சு. உங்கள்ட்ட கேட்டுட்டு வந்துதான் எடுக்கணும்னு சொல்லிட்டு, என் கண்ணு முன்னாலதான் உங்க ஜன்னலுக்கு வந்தாக. உங்களக் கேக்காம அவுக அந்தத் தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டாகளே.” பிறகு, “எதுக்குக் கேக்குறீக?” என்றார்.

“அவரப் பத்தி எழுதறேங்க அக்கா.”

“எழுதுங்க. உங்க மேல உசுரா இருந்தாக.”

அவர் எத்தனை மணிக்கு ஜன்னலுக்கு வந்தார் என்று என் நாட்குறிப்பில் இல்லை. நாளைக் குறித்தவன் நேரத்தைக் குறிக்கவில்லை. இரண்டு பேரும் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே காலையில் உண்மையாக இருக்க வழியில்லை. 1987 மார்ச் 14 அன்று நான் வையுங்கள் என்று சொன்னபோது அந்த ஸ்டவ் எரிந்துகொண்டிருந்ததா, இல்லையா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.